பொதுத்தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில், படிப்பறிவுக்கும் உலக அனுபவத்துக்கும் குறைவில்லாத குடும்பங்கள்கூட ஒரே விதமான தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்து, திருத்த முடியாத நஷ்டத்தை வலியத் தேடிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துப்போனதன் விளைவே இக்கட்டுரை. வேதியியலில் எண்பதுக்குக் குறையாது என்று நம்பியிருந்த பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு வந்திருக்கும்; அழுகையிலும் ஆறுதலிலும் உறவினரின் யோசனைகளிலும் நாட்களைக் கழித்துவிட்டுப் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் போய் மறுமதிப்பீட்டுக்கு வழி கேட்கும்போது, அதற்குரிய அவகாசம் முந்தின நாள் மாலையோடு முடிந்திருக்கும். இன்னொரு வீட்டில், "நீட் ஒன்றுதான் பிரதானம், பொதுத்தேர்வில் பாஸானால் போதும்" என்று பயிற்சி நிலையத்தார் சொன்னதை வேதவாக்காகக் கொண்டு இரண்டு வருஷம் படித்த பிள்ளை, மருத்துவ இடமும் கிடைக்காமல், பொறியியலுக்கோ விவசாயப் படிப்புக்கோ வேண்டிய கட்-ஆஃபும் இல்லாமல் திகைத்து நிற்கும். மூன்றாவது வீட்டில் மதிப்பெண்கள் எல்லாம் திருப்தியாகவே இருக்கும். சான்றிதழில் முன்னெழுத்திலோ பிறந்த தேதியிலோ இருக்கும் பிழையை எவரும் வாசித்துப் பார்க்காமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் அன்றுதான் அது கண்ணில் படும்.

நுழைவுத் தேர்வுகள் பெருகிவிட்ட இக்காலத்தில், மாநில அரசு நடத்தும் பொதுத்தேர்வு கல்லூரிக்குப் போகவிருக்கும் மாணவனுக்கு அவ்வளவு முக்கியந்தானா என்று கேட்பவர்கள் பலர். முக்கியந்தான், சில படிப்புகளுக்கு அதுவே சகலமும், வேறு சிலவற்றுக்கு அது வாயிற்படி. எந்தப் படிப்புக்கு எந்த அளவு அது தேவை, அதில் பிழை நேர்ந்தால் எங்கே போய் எந்தக் காகிதத்தைக் கொடுத்து நிவாரணம் தேடுவது என்கிற இரண்டு விஷயங்களைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

பூர்வ சரித்திரம் சுருக்கமானது. 1978-இல் மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் தொடங்கியது; தொழிற்கல்விக்கு 1984 முதல் மாநில அரசே தனி நுழைவுத் தேர்வு நடத்தியது; கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகமாக இருக்கிறது என்று கூறி, 2007-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் அது நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு மட்டும் நீட் வந்து சேர்ந்தது. அந்த ஒரு மாற்றத்தைக் கண்டு, எல்லாப் படிப்புகளுக்குமே பிளஸ் டூ மதிப்பெண் செல்லாக் காசாகிவிட்டது என்று மக்கள் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதுதான் இத்தனை அனர்த்தங்களுக்கும் மூலம்.

உண்மை நிலையைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு நடத்தும் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்தின் 100 மதிப்பெண்ணை முழுமையாகவும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-ஆகச் சுருக்கியும் கூட்டி, 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப்தான் மாணவனின் தரவரிசையை நிர்ணயிக்கிறது. இருவர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் கணித மதிப்பெண்ணும் அதன்பின் இயற்பியல் மதிப்பெண்ணும் பார்க்கப்படும். லட்சத்துக்கு மேற்பட்டோர் நிற்கும் அந்த வரிசையில், வேதியியலில் திருத்துபவர் கூட்டத் தவறிய இரண்டு மதிப்பெண், அதாவது கட்-ஆஃபில் ஒரே ஒரு புள்ளி, ஒருவனை நூற்றுக்கணக்கானோருக்குப் பின்னே தள்ளிவிடும். விரும்பிய கல்லூரி போய், விரும்பாத ஊரில் விரும்பாத பிரிவு கிடைக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகப் படிப்புகள், கால்நடை மருத்துவம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, பி.எஸ்ஸி. நர்சிங், பி.ஃபார்ம்., துணை மருத்துவப் படிப்புகள், அரசு கலை அறிவியல் கல்லூரிகள் ஆகிய இவை யாவும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணின் பேரிலேயே மாணாக்கரைச் சேர்க்கின்றன. நீட் எழுதுபவர்களில் மிகப் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேருவது இந்தப் படிப்புகளில்தான் என்பதைப் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை.

நுழைவுத் தேர்வு உள்ள இடங்களிலும் பொதுத்தேர்வை விலக்கிவிட முடியாது. நீட்டில் எவ்வளவு வாங்கினாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், இவற்றோடு ஆங்கிலம் ஆகிய பாடங்களில் பிளஸ் டூ தேர்ச்சியின்றி மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க இயலாது. ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் ஜே.இ.இ. தரவரிசையோடு, பிளஸ் டூவில் 75 சதவீத மதிப்பெண்ணோ, அந்தந்த வாரியத்தில் வெற்றி பெற்றோரில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இடமோ வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அது 65 சதவீதம். கொரோனாக் காலத்தில் தளர்த்தப்பட்ட இந்த விதி 2023 முதல் மீண்டும் அமலில் இருக்கிறது. தளர்வு இன்னும் நீடிக்கிறது என்று எண்ணிக்கொண்டு மொழிப் பாடங்களைப் புறக்கணிப்பவர்கள் ஏமாறுவார்கள். இந்த நிறுவனங்களில் இடஒதுக்கீடு கோருவோர், மாநில அரசு கொடுத்த பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றே போதும் என்று இருந்துவிடாமல், மத்திய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அந்தந்த ஆண்டுக்குரியதாகப் புதிதாய்ப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பொதுத்தேர்வே நடக்காமல் போன ஓர் ஆண்டும் உண்டு. 2021-இல் பிளஸ் டூ தேர்வு ரத்து செய்யப்பட்டபோது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூவின் செய்முறைத் தேர்வு, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினார்கள். "பிளஸ் ஒன் மார்க்கை யார் கேட்கப்போகிறார்கள்" என்று அலட்சியமாக இருந்தவர்கள் அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை விலக்கிவிட்டது. மாணவர்களுக்கு இது ஆறுதல்தான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கிவிடும் தனியார் பள்ளிகளுக்கு இது மீண்டும் வசதியாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. நீட்டும் ஜே.இ.இ.யும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து ஏராளமாகக் கேட்கின்றன. பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டிய முதல் கேள்வி, பிளஸ் ஒன் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்பதே.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டப்படி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை, நீட் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதாக ஆசை காட்டும் தனியார் பள்ளியில், கடனை வாங்கிப் பிளஸ் ஒன் சேர்த்தால், அந்தக் கணமே இந்த உரிமை பறிபோகிறது என்பதைச் சேர்க்கைப் படிவத்தை நீட்டுபவர் சொல்லமாட்டார். இந்த ஒதுக்கீட்டைக் கோர, ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் இன்ன வகுப்பிலிருந்து இன்ன வகுப்பு வரை இங்கே பயின்றார் என்ற சான்று வேண்டும். கலந்தாய்வுக்கு முந்தின நாள் அதைத் தேடி ஓடாமல், பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கி வையுங்கள். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் ஊரில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தேர்வுக்கு வராமலே இருந்துவிடுவது மற்றொரு பெரும் பிழை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித் தேர்வுக்குச் சுமார் ஐம்பதாயிரம் பேர் வரவில்லை என்ற செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது. மொத்தம் ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்குமாக 30. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15-ம் மொத்தத்தில் 35-ம் வந்தால் தேர்ச்சி. இவ்வளவு எளிதான எல்லையைத் தொடப் பயந்து தேர்வுக்கூடத்துக்கே போகாத பிள்ளையைத் திட்டித் தீர்ப்பதைவிட, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுக்குப் பிள்ளை போனதா என்று பெற்றோர் பார்த்திருக்க வேண்டும். செய்முறைக்கு வராதவன் எழுத்துத் தேர்வுக்கும் வரமாட்டான் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இனித் தேர்வுக்கு முன் செய்ய வேண்டிய காகித வேலை. பள்ளிகள் பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்புகின்றன. சான்றிதழில் அச்சாகப்போவது அந்தப் பட்டியலில் உள்ளதுதான். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், முன்னெழுத்து, பிறந்த தேதி, புகைப்படம், எடுத்திருக்கும் பாடங்கள், பயிற்று மொழி ஆகிய ஒவ்வொன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று பெற்றோர் தாமே பள்ளிக்குச் சென்று பார்க்க வேண்டும். பட்டியல் அனுப்பப்பட்டபின் திருத்தத்துக்கு இயக்ககம் மறுபடியும் ஓர் அவகாசம் தருவது வழக்கம். அதற்குள் பிடித்துவிட்டால் அரை மணி நேர வேலை. ஹால் டிக்கெட் கைக்கு வந்ததும் மறுபடி ஒருமுறை வாசியுங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள். பார்வைக் குறைபாடு, காது கேளாமை, கை ஊனம், கற்றல் குறைபாடு உள்ள மாணாக்கருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உண்டு; மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்னதாக விண்ணப்பித்து ஆணை பெற்றால்தான் அவை கிடைக்கும். தேர்வு அன்று காலையில் கண்காணிப்பாளரிடம் மன்றாடிப் பிரயோஜனமில்லை.

முடிவுகள் வந்தபின் செய்ய வேண்டியதை நிதானமாக வாசிக்கும்படி வேண்டுகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றிலும் மக்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். மதிப்பெண் குறைந்துவிட்டது என்று நினைப்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன: விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு. முடிவு வந்த சில நாட்களில் தொடங்கும் முதல் கட்டத்தில், ஒரு பாடத்துக்கு நகல் வேண்டுமா, மறுகூட்டல் மட்டும் போதுமா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மறுமதிப்பீடு என்று நேராக விண்ணப்பிக்க வழியில்லை. முதலில் நகல் கேட்டுப் பெற்றவர்கள் மாத்திரமே, இரண்டாம் கட்டத்தில் அந்தப் பாடத்துக்கு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம். கட்டணம் குறைவு என்பதற்காக மறுகூட்டலை மட்டும் கேட்டவருக்கு, கூட்டல் சரியாக இருந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது; திருத்தப்படாமல் விடப்பட்ட விடையைக் காணும் வாய்ப்புகூட அவருக்கு இல்லை. ஆகையால் ஐயம் உள்ள பாடத்துக்கு நகலையே கேளுங்கள். சமீப ஆண்டுகளில் நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாயும் மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாயும் வசூலிக்கப்பட்டன. மகன் மேலுள்ள வருத்தத்தில் வீட்டில் செலவாகும் காபித் தூளுக்கு மேல் இது பெரிய தொகையன்று.

பள்ளி மாணவர்கள் தாம் படித்த பள்ளியிலும், தனித்தேர்வர்கள் தாம் தேர்வெழுதிய மையத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். அவகாசம் ஐந்தாறு நாட்களுக்கு மேல் இருப்பதில்லை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் குறையும். பணத்தைக் கட்டியதும் கொடுக்கப்படும் ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டுதான் பின்னர் இணையத்தில் நகலைத் தரவிறக்க முடியும், முடிவையும் அறிய முடியும். அந்தச் சீட்டு இல்லாதவரிடம் எந்த அலுவலகமும் பேசாது. அதைத் தொலைக்காதீர்கள், பள்ளியிலேயே விட்டுவிட்டும் வராதீர்கள்.

நகல் கைக்கு வந்ததும் அந்தப் பாட ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். உள்ளே போட்ட மதிப்பெண் எல்லாம் முகப்புப் பக்கத்துக்கு ஏறியிருக்கிறதா, ஏறியவை சரியாகக் கூட்டப்பட்டிருக்கின்றனவா, சிவப்பு மையே படாத விடை ஏதேனும் இருக்கிறதா, கடைசிப் பக்கங்களில் எழுதியது கவனிக்கப்பட்டிருக்கிறதா, விடைக்குறிப்பின்படி கிடைக்க வேண்டிய படிநிலை மதிப்பெண் கிடைத்திருக்கிறதா என்பவற்றைத் தனித்தாளில் வினா எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். கூட்டலில் மட்டும் பிழை என்றால் மறுகூட்டல்; திருத்தியதிலேயே பிழை என்றால் மறுமதிப்பீடு. இரண்டாம் கட்டத்துக்கும் அவகாசம் சில நாட்களே என்பதால், நகலைத் தரவிறக்கி வைத்துவிட்டு ஆசிரியர் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திராதீர்கள். முடிவு வெளியாகும்போது, மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டுமே பட்டியலில் இடம்பெறும். உங்கள் எண் அதில் இல்லையென்றால் மாற்றம் எதுவும் இல்லை என்று பொருள். எண் இருந்தால், திருத்தப்பட்ட மதிப்பெண் பட்டியலைத் தரவிறக்கிக்கொண்டு, பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையத்துக்கோ உரிய சேர்க்கைக் குழுவுக்கோ போய், புதிய மதிப்பெண் உங்கள் தரவரிசையில் ஏறியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அரசாங்கத்தின் ஒரு கை செய்ததை மறு கை அறிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தரவரிசைப் பட்டியல் வந்தபின் குறைகளைத் தெரிவிக்கவும் சில நாட்கள் தருகிறார்கள், அதையும் பயன்படுத்துங்கள்.

மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும் என்று கல்லூரி விண்ணப்பத்தைத் தள்ளிப் போடுவது இன்னொரு விபரீதம். கையிலுள்ள மதிப்பெண்ணைக் கொண்டே எல்லா விண்ணப்பங்களையும் உரிய தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். மதிப்பெண் உயர்ந்தால் அது பின்னால் சேரும். விண்ணப்பத் தேதி கடந்துபோனால், எவ்வளவு உயர்ந்த மதிப்பெண்ணாலும் அதை மீட்க இயலாது. இதை மறுபடியும் சொல்கிறேன்: கல்லூரி விண்ணப்பத்தை எதற்காகவும் நிறுத்தி வைக்காதீர்கள்.

அவகாசத்தைத் தவறவிட்டவர்களுக்கு மிச்சமிருக்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வெழுதியவருக்கு அச்சட்டத்தின்படி உரிமை உண்டு என்று 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவெண், தேர்வு நடந்த மாதமும் ஆண்டும், பாடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு, சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் இயங்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ, அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் முறையிடலாம். விடைத்தாள்களை இயக்ககம் காலவரையறைக்கு மேல் பாதுகாத்து வைப்பதில்லையாதலால் மனுவைத் தாமதிக்கக் கூடாது. இவ்வழியில் தாளைப் பார்க்கலாமே ஒழிய, மறுமதிப்பீட்டுக்கான தேதி திரும்ப வராது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கூட்டல் பிழை நகலில் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தும் இயக்ககம் திருத்த மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம்; வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்குகிறவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுக. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

தோல்வியடைந்தவரும் தேர்வுக்கு வராதவரும் ஓராண்டு வீணாயிற்று என்று மூலையில் உட்கார வேண்டியதில்லை. அதே ஆண்டில், ஜூன் ஜூலை வாக்கில், துணைத் தேர்வு நடக்கிறது. பள்ளி மாணவர்கள் தம் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். தேதி தவறினால் கூடுதல் கட்டணத்தோடு தட்கல் முறையும் உண்டு. துணைத் தேர்வில் வென்றவர்களுக்கென்று பொறியியல் சேர்க்கையில் துணைக் கலந்தாய்வு தனியே நடைபெறுகிறது. கலைக் கல்லூரிகளிலும் காலியிடங்களுக்கு அவர்கள் சேரலாம். மனம் உடைந்த பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் ஆலோசனை கிடைக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அதை வாசியுங்கள். எழுத்துப் பிழையும் பெயர் மாற்றமும் வெவ்வேறு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சரியாக இருந்து, சான்றிதழில் தவறாக அச்சாகியிருந்தால் அது எழுத்துப் பிழை. அசல் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சேர்க்கைப் பதிவேட்டின் நகல், பிறப்புச் சான்று ஆகியவற்றோடு தலைமையாசிரியர் வழியாக, மாவட்டத்திலுள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எண் ஜோதிடம் பார்த்தோ வேறு காரணத்தாலோ பெயரையே மாற்றிக்கொள்பவர், தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, அந்த அரசிதழைச் சான்றிதழோடு சேர்த்துக் காட்ட வேண்டியவர். அவருக்காகப் பழைய சான்றிதழை மாற்றி அச்சிடமாட்டார்கள். வெளி மாநிலத்தில் படிக்கச் செல்பவர்களுக்குப் புலப்பெயர்வுச் சான்றிதழ் தேவைப்படும். அதை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழ் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற்ற பின்னரே இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்க முடியும். கல்லூரியில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு கல்லூரியில் இடம் கிடைத்தபின் திருப்பித் தர மறுக்கும் நிர்வாகங்கள் இன்னும் இருக்கின்றன. அசல்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. கேட்டுப் பெறுங்கள், தர மறுத்தால் பல்கலைக்கழகத்துக்கும் மானியக் குழுவுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வைத் தொடும் மறுமதிப்பீட்டு அறிவிப்பை, கோடை விடுமுறையில், பத்திரிகைச் செய்தியாக ஒரு நாள் வெளியிட்டு, ஐந்தாறு நாட்களில் கதவை மூடிவிடுவது எந்த நியாயத்தில் சேரும்? கூலி வேலைக்குப் போகும் தாய் அந்தச் செய்தியை எங்கே படிப்பாள்? முடிவு வரும் நாளிலேயே மதிப்பெண் பட்டியலின் கீழே அந்தத் தேதிகளையும் நகலா மறுகூட்டலா என்ற விதியையும் நான்கு வரியில் அச்சிட இயக்ககத்தால் முடியாதா? "மேலிடத்து உத்தரவு இன்னும் வரவில்லை", "கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை", "திங்கட்கிழமை வாருங்கள்" என்று பள்ளி அலுவலகங்கள் திருப்பி அனுப்பும் பெற்றோரில் பலர் திங்கட்கிழமை வரும்போது தேதி முடிந்திருக்கிறது. இந்நிலை மாறும்வரை பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றே: வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். மனுவை எழுதிக் கொடுத்து, மறு நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பிளஸ் டூ மதிப்பெண் நுழைவுத் தேர்வுக்கு எதிரியன்று; இரண்டுக்கும் சேர்த்தே படிக்க வேண்டும், இரண்டின் காகிதங்களையும் சேர்த்தே காக்க வேண்டும். அடுத்த மார்ச்சில் தேர்வெழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த வாரமே பள்ளிக்குச் சென்று பெயர்ப் பட்டியலில் உள்ளதைப் பாருங்கள். மே மாதத்தில் முடிவு வந்த அன்றே மறுமதிப்பீட்டுத் தேதியைக் கேட்டுக் குறித்து வையுங்கள். விடைத்தாள் நகலைக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்காதவருக்கு எந்த அலுவலகமும் தானாக வந்து நியாயம் செய்வதில்லை.